போர்யே சால்மிங்: ஸ்டான்லி கோப்பையும் இல்லை, நாரிஸ் விருதும் இல்லை. அவரை எந்த வரிசையில் வைப்பது?

#1 பனிப்பலகை

எல்லோருக்கும் வணக்கம். நான் ஐஸ் ஹாக்கி பார்க்கத் தொடங்கி நான்கைந்து வருடம்தான் ஆகிறது. சென்னையில் இருக்கிறேன். டொராண்டோவில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் இங்கே விடியற்காலை ஐந்தரைக்கு வரும். அலுவலகம் கிளம்பும் முன் பாதி ஆட்டம் பார்த்துவிடலாம்.

2022 நவம்பரில் அப்படி ஒரு காலையில் டிவியைப் போட்டபோது ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. உடல் தளர்ந்த ஒருவரை மைதானத்துக்குள் அழைத்து வந்தார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, நிறுத்தவே இல்லை. அவரால் பேச முடியவில்லை, கையைத் தூக்கவும் முடியவில்லை. பக்கத்தில் நின்ற பழைய தோழர் அந்தக் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினார். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். எனக்கு அவர்கள் யார் என்றே தெரியாது. ஆனாலும் அழுதுவிட்டேன்.

தளர்ந்திருந்தவர் போர்யே சால்மிங். கையை உயர்த்தியவர் டாரில் சிட்லர். அடுத்த பதின்மூன்றாம் நாள், நவம்பர் 24 அன்று, சால்மிங் 71 வயதில் இறந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் தேடிப் படிக்கிறேன். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியில் 16 சீசன், 1,099 ஆட்டம், 148 கோல், 620 அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்). லீஃப்ஸ் வரலாற்றில் இத்தனை அசிஸ்ட் வேறு யாருக்கும் இல்லை, இத்தனைக்கும் அவர் ஒரு டிஃபென்ஸ்மேன், தற்காப்பு ஆட்டக்காரர். ஆனால் என்எச்எல் எனும் வட அமெரிக்க ஹாக்கி லீக்கின் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பை ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. சிறந்த டிஃபென்ஸ்மேனுக்குத் தரும் நாரிஸ் விருதுக்கான வாக்கெடுப்பில் 1977இலும் 1980இலும் இரண்டாம் இடம், இரண்டு முறையும் மான்ட்ரியாலின் லாரி ராபின்சன் தட்டிக்கொண்டு போனார்.

அவர் ஆடியதை நேரில் பார்த்தவர்களும் இந்த ஆட்டத்தை ஆழமாக அறிந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அவரை எந்த வரிசையில் வைப்பீர்கள்?

#2 எண்கணக்கு

நல்ல கேள்வி. பதிலை நேராகவே சொல்லிவிடுகிறேன். சால்மிங் மிக நல்ல ஆட்டக்காரர், ஆனால் முதல் வரிசையில் வைக்க முடியாது.

ஸ்வீடன்காரர்களுக்குள்ளேயே பாருங்கள். நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் டெட்ராய்டுக்காக 1,564 ஆட்டம் ஆடி 1,142 புள்ளி (கோலும் அசிஸ்டும் சேர்த்து) எடுத்தவர். நாரிஸ் விருது ஏழு, கோப்பை நான்கு. 2008இல் கோப்பையைக் கையில் வாங்கியபோது, ஐரோப்பாவில் வளர்ந்து என்எச்எல் கோப்பை வென்ற முதல் கேப்டன் ஆனார். பிளஸ்-மைனஸ் (அவர் களத்தில் இருக்கும்போது அணி போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தால் வருவது) +450. சால்மிங்கின் மொத்தக் கணக்கு, டெட்ராய்டில் ஆடிய கடைசி சீசனையும் சேர்த்து, 1,148 ஆட்டத்தில் 787 புள்ளி, +175.

கூடவே காலத்தையும் பார்க்க வேண்டும். 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் கோல் மழை பொழிந்தது. அன்றைய 70 புள்ளியை இன்றைய 70 புள்ளியாக எண்ணக்கூடாது. அந்த நவம்பர் இரவு என்னையும் உலுக்கியது. அந்த உருக்கம் வேறு, வரிசைப்படுத்துவது வேறு.

#3 ஸ்காபரோவாசி

நான் 1987 குளிர்காலத்தில் ரொறன்ரோவுக்கு வந்தவன். ஹொக்கி என்றால் புல்லிலே விளையாடுவது என்று மட்டும் தெரியும். முதல் வேலை ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவது. அங்கே சனிக்கிழமை இரவு சமையலறை ரேடியோவில் லீஃப்ஸ் ஆட்டம் போகும். பெரிய அடுப்புக்குப் பொறுப்பாயிருந்தவர் பழைய ரொறன்ரோக்காரர். அவர்தான் எனக்கு ஆட்டத்தைச் சொல்லித் தந்தார். முதலில் சொல்லித் தந்த பெயரே சால்மிங்.

நான் டிவியில் பார்த்த சால்மிங்குக்கு வயது 36, 37. முகத்தில் பெரிய வெட்டுத் தழும்பு. வேகம் குறைந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் எதிராளி மட்டையை ஓங்கினால் இந்த மனிசன் தன் உடம்பைக் கொண்டுபோய்ப் பக்குக்கு முன்னால் போடுவார். பக் என்பது கெட்டி ரப்பர், துள்ளாமலிருக்க உறைய வைத்துக் கொண்டுவருவார்கள், 170 கிராம் எடை. அது எலும்பில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அணியோ தோற்றுக்கொண்டே இருந்தது. 1980கள் முழுவதும் ஒரு சீசனில்கூட லீஃப்ஸுக்குத் தோல்வியைவிட வெற்றி கூடவாக இருந்ததில்லை. 1984-85இல் லீக்கிலேயே கடைசி இடம். அப்படிப்பட்ட அணிக்காக ஒருவர் இப்படி விழுந்து எழும்புகிறாரே என்று எனக்கு ஆச்சரியம்.

அடுப்புக்காரர் 1976ஐப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கதைப்பார். அந்த ஏப்ரலில் பிளேஆஃபில், அதாவது கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளில், எதிரணி பிலடெல்பியா ஃபிளையர்ஸ். 1974, 1975 இரண்டு வருடமும் கோப்பை எடுத்தவர்கள், அடிதடிக்குப் பேர்போனவர்கள். மூன்றாவது ஆட்டத்தில் மெல் பிரிட்ஜ்மன் சால்மிங்கைப் பிடித்து முகத்தில் குத்து மேல் குத்து. சால்மிங் திருப்பி அடிக்கிறவர் இல்லை. அன்றைய வன்முறைக்காக ஒன்ராறியோ சட்டமா அதிபர் ரோய் மக்மர்ட்ரி ஃபிளையர்ஸ் ஆட்டக்காரர்கள் மீது குற்ற வழக்கே போட்டார். ஹொக்கி ஆட்டத்துக்குள் நடந்ததற்குப் பொலிஸ் வழக்கு!

இரண்டு நாள் கழித்து, லீஃப்ஸின் அரங்கமான அதே மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் நான்காவது ஆட்டம். ஏப்ரல் 17, சால்மிங்கின் 25வது பிறந்தநாள். சிட்லர் கொடுத்த பக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போய், பெர்னி பரென்ட் என்ற மிகப் பெரிய கோல்கீப்பரைத் தாண்டிக் கோல் போட்டார். அரங்கம் எழுந்து நின்று தட்டிய கைதட்டல் ஓயவே இல்லையாம். அடுப்புக்காரர் அன்று அரங்கின் மேல் தட்டில் சாம்பல் நிற இருக்கையில் இருந்திருக்கிறார். இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொல்வார்.

தொடரை ஏழாவது ஆட்டத்தில் ஃபிளையர்ஸ்தான் வென்றது. அதை நான் பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். அவர் அந்தப் பகுதியை ஒருமுறையும் சொன்னதில்லை.

#4 வடகடல்

ஸ்டாக்ஹோமிலிருந்து எழுதுகிறேன். அவருடைய ஊர்ப் பக்கத்தைக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

அவர் பிறந்தது 1951இல், வட துருவ வட்டத்துக்கும் வடக்கே. டோர்னெட்ராஸ்க் ஏரிக் கரையில் சால்மி என்று ஒரு சின்ன இடம், குடும்பப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். வளர்ந்தது பக்கத்திலுள்ள கிரூனாவில், இரும்புச் சுரங்க நகரம். அப்பா வழியில் சாமி பழங்குடி இரத்தம். அப்பா சுரங்கத் தொழிலாளி, போர்யேவுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது சுரங்க விபத்தில் இறந்துபோனார். நான் ஒரு ஜனவரியில் கிரூனாவுக்குப் போயிருக்கிறேன். நண்பகலிலும் அரை வெளிச்சம், மூச்சு விட்டால் மீசையில் பனி. அங்கே அப்பா இல்லாத ஒரு பையனும் அவனுடைய அண்ணன் ஸ்டிக்கும் ஹாக்கி ஆடி வளர்ந்தார்கள். பிறகு இருவரும் தெற்கே யெவ்லே நகரத்து பிரைனஸ் அணிக்குப் போனார்கள். 1971, 1972 இரண்டு வருடமும் பிரைனஸ் ஸ்வீடன் சாம்பியன். ஆக, சால்மிங் எதையுமே வெல்லாதவர் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் இங்கே உள்ளவர்களுக்குக் கோபம் வரும்.

டொராண்டோ அவரைக் கண்டுபிடித்த கதையும் நல்ல கதை. 1972 கிறிஸ்துமஸ் சமயத்தில் லீஃப்ஸின் தேர்வாளர் ஜெரி மக்நமாரா ஸ்வீடன் வந்தார், ஒரு கோல்கீப்பரைப் பார்க்க. கனடாவிலிருந்து பயணம் வந்திருந்த பாரி ஃபிளையர்ஸ் அணியுடன் பிரைனஸ் ஆடியது. வந்தவர் கண்ணில் பட்டவர்களோ சால்மிங்கும் அவருடைய அணித்தோழர் ஹாமர்ஸ்ட்ரோமும். சால்மிங் அந்த ஆட்டத்தின் நடுவில் வெளியேற்றப்பட்டார். மக்நமாரா நேராக உடை மாற்றும் அறைக்கே போய், டொராண்டோவுக்கு ஆட வருகிறாயா என்று கேட்டுவிட்டார்.

ஒரு திருத்தம், யாராவது சொல்லும் முன் நானே சொல்கிறேன். என்எச்எல்லில் ஆடிய முதல் ஸ்வீடன்காரர் சால்மிங் இல்லை. 1965இல் உல்ஃப் ஸ்டெர்னர் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு நான்கு ஆட்டம் ஆடித் திரும்பிவிட்டார். 1972-73இல் டோமி பெரிமன் டெட்ராய்டுக்கு ஆடினார். சால்மிங் போய், தங்கி, நட்சத்திரமாகவும் ஆனவர்களில் முதல்வர். தங்கியதுதான் பெரிய விஷயம்.

#5 எண்கணக்கு

@வடகடல், சரி, ஸ்வீடனில் வென்ற இரண்டு பட்டங்களை நான் சேர்க்கவில்லை. நியாயமான திருத்தம்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். லீஃப்ஸ் முதலாளி ஹரல்ட் பல்லார்டே, சட்டைப்பையில் ஆறு முட்டையோடு மூலைக்குப் போனாலும் ஒன்றுகூட உடையாது என்று சால்மிங்கைப் பற்றிச் சொன்னதாகப் படித்திருக்கிறேன். மோதலைத் தவிர்க்கிற ஆள் என்று பொருள். சொந்த முதலாளியே அப்படிச் சொன்னார் என்றால்?

#6 ஸ்காபரோவாசி

தம்பி, அது சால்மிங்கைச் சொன்னது இல்லை. கூட வந்த ஹாமர்ஸ்ட்ரோமைச் சொன்னது. கன பேர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஹாமர்ஸ்ட்ரோமுக்கும் அது நியாயமான பேச்சில்லை. சறுக்கும் வேகத்தில் அவரை மிஞ்ச ஆள் குறைவு. 1977இல் அவரை செயின்ட் லூயிஸுக்கு அனுப்பிவிட்டார்கள். பிற்காலத்தில் அவர் தேர்வாளராகப் போய்ச் சேர்ந்தது வேறெங்கும் இல்லை, தன்னைப் போன்ற ஸ்வீடன்காரர்களை அடித்த அதே பிலடெல்பியாவில். 1991இல் பீட்டர் ஃபோர்ஸ்பெரியை அவர்கள் எடுத்ததற்கு அவருடைய கண்தான் காரணம்.

சால்மிங்கை வேறு மாதிரித்தான் பேசினார்கள். “கோழை ஸ்வீடன்காரன்” என்று எதிரணிகள் இவர்கள் எல்லோரையும் கூப்பிட்ட காலம் அது. முதல் சீசனின் முதல் ஆட்டம் கார்டன்ஸில் பஃபலோவோடு. அடுத்த ஆட்டமே பிலடெல்பியாவில். மட்டையால் குத்து, முழங்கையால் இடி, ஃபிளையர்ஸின் சண்டைக்காரர் டேவ் ஷுல்ட்ஸோடு சண்டை. அன்று அவர் பின்வாங்கியிருந்தால் ஊருக்குத் திரும்பும் விமானம்தான். பின்வாங்கவில்லை, கையுறையைக் கழற்றிவிட்டு நின்றார்.

முன்பு அவர் திருப்பி அடிக்கிறவர் இல்லை என்று எழுதினேன், இப்போது சண்டை போட்டார் என்கிறேன். இரண்டும் உண்மை. சண்டையைத் தேடிப் போகிறவர் இல்லை. வந்தால் ஓடுகிறவரும் இல்லை.

#7 எண்கணக்கு

தவறு என்னுடையது. திருத்தியதற்கு நன்றி அண்ணா. அந்த வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

#8 நீலக்கோடு

நான் இங்கே ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவன். பத்து வயதிலிருந்து டிஃபென்ஸ் ஆடுகிறேன், இப்போது வார இறுதி லீக்கில் மட்டும். ஆடுகிற பக்கத்திலிருந்து சில விஷயம் சொல்கிறேன். எண்கணக்கு அண்ணா வைக்கிற புள்ளிவிவரத்தில் இது தெரியாது.

டிஃபென்ஸ்மேனின் மிகக் கடினமான வேலை கோலைத் தடுப்பது என்று நினைப்பார்கள். என் அனுபவத்தில் அதைவிடக் கடினம் நம் கோலுக்குப் பின்னால் கிடக்கும் பக்கை எடுக்கப் போவது. எதிரணி பக்கை மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்தி வரும். நீங்கள் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கிடம் போகிறீர்கள். பின்னால் 90, 95 கிலோ ஆள் முழு வேகத்தில் வருகிறான். அந்த இரண்டு வினாடியில் தோளுக்கு மேல் ஒரு பார்வை, எங்கே நம் ஆள் காலியாக இருக்கிறான் என்று மனதில் படம், பிறகு இடி விழும் முன் பக்கை அனுப்ப வேண்டும். அந்த முதல் பாஸ் சரியாகப் போனால் நம் அணி தாக்கப் போகும். தப்பினால் நம் கோல் முன்னாலேயே அவர்களுக்கு வாய்ப்பு.

இதற்கு ஒரு சுலப வழி உண்டு. பக்கைப் பலகையிலோ மேலே கண்ணாடியிலோ அடித்து எப்படியாவது வெளியே தள்ளிவிடுவது. ஆபத்து இல்லை, ஆனால் பக் பெரும்பாலும் எதிரணியிடமே போய்ச் சேரும். வட அமெரிக்காவில் அன்று நிறையப் பேர் அப்படித்தான் ஆடினார்கள். பாஸ்டனின் டிஃபென்ஸ்மேன் பாபி ஓர் (Bobby Orr) அதை மாற்றிக் காட்டியிருந்தார், உண்மை. சால்மிங்கும் பழைய வீடியோக்களில் பக்கைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்புகிறார், அல்லது நடுவில் ஓடுகிறவனுடைய மட்டையிலேயே வைக்கிறார். அந்த 620 அசிஸ்டில் எத்தனையோ இப்படி நம் பக்கத்து மூலையில் தொடங்கியவையாக இருக்கும்.

இன்னொன்று. ஸ்வீடனின் ரிங்க், அதாவது ஆடும் பனித்தளம், 30 மீட்டர் அகலம். என்எச்எல் ரிங்க் 85 அடி, ஏறக்குறைய 26 மீட்டர்தான். நான்கு மீட்டர் குறைந்தால் என்ன என்று தோன்றும். ஒரு கோடை முகாமில் பெரிய ரிங்கில் ஆடிவிட்டு வந்து திரும்பச் சின்ன ரிங்கில் இறங்கியபோது எனக்கு எல்லாமே முகத்துக்கு நேராக வந்து விழுந்தது. அகன்ற இடத்தில் சறுக்கிப் பழகிய ஒருவர் 22 வயதில் வந்து, அடிக்கத் துடிக்கும் லீக்கில், முதல் சீசனிலேயே முழு நேர ஆட்டக்காரராக நின்றார்.

ஸ்காபரோவாசி அண்ணை சொன்ன விழுந்து தடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்றைய பாதுகாப்புக் கவசங்களோடு நான் ஒரு ஷாட்டைத் தடுத்துக் கணுக்காலில் வாங்கி மூன்று வாரம் நொண்டினேன். அன்றைய கவசம் இதில் பாதி கனம்கூட இருந்திருக்காது.

#9 பனிப்பலகை

@நீலக்கோடு, இதற்காகத்தான் இழையைத் தொடங்கினேன். இனி ஆட்டம் பார்க்கும்போது மூலையையே பார்க்கப் போகிறேன்.

அவரோடு ஜோடியாக ஆடிய இயன் டர்ன்புல் பற்றி யாராவது சொல்லுங்களேன். 1976-77இல் சால்மிங் 78 புள்ளி, டர்ன்புல் 79. ஒரே அணியின் இரண்டு டிஃபென்ஸ்மேன் சேர்ந்து 157 புள்ளியா?

#10 எண்கணக்கு

ஆமாம், சரியான எண். டர்ன்புல் அதே சீசனில் 1977 பிப்ரவரி 2 அன்று டெட்ராய்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டார். அடித்த ஐந்து ஷாட்டும் கோல். டிஃபென்ஸ்மேன் யாரும் அதற்கு மேல் போட்டதில்லை.

என் வாதத்துக்கு எதிரான ஒன்றையும் நானே வைக்கிறேன். சால்மிங் 1977இல் முதல் ஆல்-ஸ்டார் அணியில், இரண்டாம் அணியில் ஐந்து முறை. 1975 முதல் 1980 வரை தொடர்ந்து ஆறு வருடம் லீக்கின் முதல் நான்கு டிஃபென்ஸ்மேன்களில் ஒருவராக மதிக்கப்பட்டிருக்கிறார். ராபின்சன், டெனிஸ் பாட்வின் ஆகியோர் உச்சத்தில் இருந்த காலம் அது. ராபின்சன் ஆடிய மான்ட்ரியால் 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு கோப்பை எடுத்த அணி. சால்மிங்குக்குச் சுற்றி அப்படி யாரும் இல்லை. நேற்று அந்த +175ஐ லிட்ஸ்ட்ரோமின் +450க்குப் பக்கத்தில் வைத்தேன். பாதிக் காலம் தோற்றுக்கொண்டிருந்த அணியில் எடுத்த +175 என்று பார்த்தால் அது வேறு எண்.

#11 ஸ்காபரோவாசி

அந்த அணி ஏன் தோற்றுக்கொண்டே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

1978இல் ஒரு நல்ல அணி இருந்தது. சிட்லர், லானி மக்டோனல்ட், சால்மிங், டர்ன்புல், கோலில் மைக் பால்மடீர். கால் இறுதியில் நியூயோர்க் ஐலண்டர்ஸை ஏழாவது ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் மக்டோனல்ட் போட்ட கோலில் வென்றார்கள். சால்மிங் அப்போது ஆடவில்லை. நான்காவது ஆட்டத்தில் எதிராளியின் மட்டை கண்ணில் பட்டு விழுந்துவிட்டார். அரை இறுதியில் மான்ட்ரியால் நான்கு ஆட்டத்திலும் வென்று கதையை முடித்தது. அவர் இருந்திருந்தாலும் அந்த மான்ட்ரியாலை வென்றிருப்போம் என்று சொல்ல மாட்டேன்.

அதை வைத்து அணியைக் கட்டியிருக்கலாம். பல்லார்ட் 1979இல் பழைய மேலாளர் பஞ்ச் இம்லாக்கைத் திரும்பக் கொண்டுவந்தார். அவருக்கும் சிட்லருக்கும் ஒத்துப்போகவில்லை. சிட்லரைத் தொட முடியாததால் அவருடைய நெருங்கிய நண்பர் மக்டோனல்டை அந்த டிசம்பரில் கொலராடோ அணிக்கு மாற்றிவிட்டார்கள். சிட்லர் சட்டையில் இருந்த கேப்டன் எழுத்தைப் பிடுங்கி எறிந்தார். 1982 ஜனவரியில் சிட்லரும் போனார், பிலடெல்பியாவுக்கு. ஒவ்வொருவராகப் போகப் போகச் சால்மிங் நின்றார். 1989 வரை நின்றார். நான் வந்து பார்த்தது அந்த மிச்சத்தைத்தான்.

கோப்பை இல்லை என்ற குறையை ஆட்டக்காரர் தலையில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. லீஃப்ஸ் கடைசியாகக் கோப்பை எடுத்தது 1967. சால்மிங் வரும் முன்னமே அந்த வறட்சி தொடங்கிவிட்டது, அவர் போன பிறகும் தீரவில்லை.

#12 பனிப்பலகை

1986 பற்றிக் கேட்கத் தயங்கினேன், கேட்டுவிடுகிறேன். அந்த வருடம் அவருக்குத் தடை விதித்தார்களாமே?

#13 வடகடல்

ஆமாம், மறைக்க ஒன்றுமில்லை. பல வருடங்களுக்கு முன் கொக்கேன் எடுத்துப் பார்த்ததாக ஒரு பத்திரிகைக்கு அவரே வெளிப்படையாகச் சொன்னார். லீக் தடை விதித்தது. அவர் எட்டு ஆட்டம் வெளியே இருந்தார். தானாக முன்வந்து சொன்ன மனிதருக்கு அந்தத் தண்டனை என்பது எனக்கு உறுத்துகிறது. ஆனால் அன்றைய லீக்கின் விதி அப்படி.

அதே சீசனில், நவம்பர் 26 அன்று, டெட்ராய்டுடன் ஆட்டம். கோல் முன்னால் நடந்த நெரிசலில் சால்மிங் கீழே விழுந்தார். ஜெரார்ட் கலன்ட்டின் ஸ்கேட் தவறுதலாக அவர் முகத்தின் மேல் இறங்கியது. கண்ணுக்கு மேலிருந்து வாய்ப் பக்கம் வரை கிழிந்தது. 200க்கும் மேற்பட்ட தையல். ஸ்காபரோவாசி ஐயா சொன்ன தழும்பு அதுதான். கண் தப்பியது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

1989இல் லீஃப்ஸை விட்டு அவர் ஒரு சீசன் ஆடப் போனது டெட்ராய்டுக்கு. அங்கே கலன்ட்டும் இருந்தார். ஒரே உடை மாற்றும் அறையில், ஒரே சட்டையில். விபத்தை விபத்தாக எடுத்துக்கொள்ளத் தெரிந்திருக்கிறது.

பிறகு ஊருக்குத் திரும்பி ஏஐகே அணிக்கு ஆடினார். 1992 ஆல்பர்வில் ஒலிம்பிக்கில் ஸ்வீடன் சட்டையில் இறங்கியபோது அவருக்கு வயது 40. இங்கே என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்மணி அந்த ஒலிம்பிக்கைத் தன் தாத்தாவோடு பார்த்ததைச் சொல்வார். தாத்தாவுக்கு மற்ற யார் பெயரும் நினைவில்லையாம்.

#14 நீலக்கோடு

கனடாவும் அவரைத் தன்னுடையவராகத்தான் எடுத்துக்கொண்டது. 1976 செப்டம்பரில் கனடா கோப்பை, நாடுகள் மோதும் போட்டி. ஃபிளையர்ஸ் தொடர் முடிந்து ஐந்து மாதம்தான். சால்மிங் ஸ்வீடனின் மஞ்சள் சட்டையில் கார்டன்ஸுக்கு வந்தார். அறிமுகத்தில் அவர் பெயரைச் சொன்னதும் டொராண்டோ ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வேறொரு நாட்டுச் சட்டையில் வந்தவருக்கு. என் பயிற்சியாளர் ஒருவர் இந்தக் காட்சியை எங்களுக்குப் போட்டுக் காட்டினார், அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அந்த அணியில் நான் ஒருவன்தான் தமிழன். உடை மாற்றும் அறையில் எனக்கும் சில பேர் வைத்திருந்தார்கள், இங்கே எழுத மனமில்லை. சால்மிங்கையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன். அடுத்த வாரமும் பயிற்சிக்குப் போனேன்.

#15 ஸ்காபரோவாசி

தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. நாங்கள் பிள்ளைகளை ரிங்கில் இறக்கிவிட்டுக் காரில் உட்கார்ந்திருந்த காலம். உள்ளே என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

#16 வடகடல்

அவருடைய நோயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2022 ஆகஸ்டில் லீஃப்ஸ் மூலம் அறிவித்தார், ஏஎல்எஸ். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய். குணப்படுத்த வழியில்லை. மனம் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சு என்று உடம்பு கைவிடும். அறிவித்து மூன்று மாதத்துக்குள் அவரால் பேச முடியாமல் போய்விட்டது. அந்த நிலையில் அட்லாண்டிக்கைக் கடந்து டொராண்டோவுக்குப் போனார். குடும்பமும் கூடப் போனது.

நவம்பர் 11 வெள்ளி, ஹாக்கியின் பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் வார இறுதியின் ஆட்டம். சிட்லர் கையைப் பிடித்தது அன்றுதான். அந்த ஹால் ஆஃப் ஃபேமில் 1996இல் சேர்க்கப்பட்ட முதல் ஸ்வீடன்காரர் இவர்தான். மறுநாள் சனிக்கிழமை வான்கூவருடன் ஆட்டம், சம்பிரதாயமாகப் பக்கைப் போட அவரை மறுபடி அழைத்து வந்தார்கள். லீஃப்ஸ் பயிற்சியாளர் ஷெல்டன் கீஃப் அன்று ஆட்டத்தைத் தொடங்க இறக்கிய ஆறு பேரும் ஸ்வீடன்காரர்கள், கோல்கீப்பர் உட்பட.

1973இல் இரண்டு பேர் வந்து இறங்கிய அணி அது. எனக்கு இதைவிட அழகான புள்ளிவிவரம் வேறு இல்லை, எண்கணக்கு.

#17 எண்கணக்கு

என்னிடம் இதற்கு மறுப்பு இல்லை.

என் நிலையைத் திருத்திச் சொல்கிறேன். ஆட்டத்திறன் என்று மட்டும் எடுத்தால் லிட்ஸ்ட்ரோம்தான் மேலே, அதில் மாற மாட்டேன். ஆனால் 1991இல் லிட்ஸ்ட்ரோம் டெட்ராய்டுக்கு வந்தபோது, ஸ்வீடன்காரன் அடி தாங்குவானா என்ற கேள்வியை அவரிடம் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அந்தப் பரீட்சையை ஒருவர் ஏற்கெனவே அவருக்காக எழுதிவிட்டார். அமைதியாக, தவறே செய்யாமல் ஆட லிட்ஸ்ட்ரோமுக்கு இடம் கிடைத்தது அதனால். இரண்டு பேரையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக வைத்தது என் பிழை. 1988 ஜனவரியில் ஐரோப்பாவில் பயிற்சி பெற்று என்எச்எல்லில் ஆயிரம் ஆட்டம் தொட்ட முதல் ஆள் சால்மிங். அந்த வரிசையில் அவருக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை.

#18 பனிப்பலகை

எல்லோருக்கும் நன்றி. அடுத்த வருடம் வேலை விஷயமாக டொராண்டோ வர வாய்ப்பு இருக்கிறது. மேப்பிள் லீஃப் கார்டன்ஸைப் பார்க்க முடியுமா? இடித்துவிட்டார்களா?

#19 ஸ்காபரோவாசி

இடிக்கவில்லை. கார்ல்டன் தெருவில் கட்டடம் அப்படியே நிற்கிறது, மஞ்சள் செங்கல், மேலே வெள்ளைக் கூரை. காலேஜ் சப்வே நிலையத்தில் இறங்கினால் கிழக்கே ஐந்து நிமிட நடை. மேல் மாடியில் பல்கலைக்கழகத்தின் ரிங்க் இருக்கிறது. கீழே இப்போது பெரிய மளிகைக் கடை. உள்ளே போய் 25வது வரிசையில் தரையைப் பாருங்கள், ஒரு சிவப்பு வட்டம் போட்டிருப்பார்கள். பழைய ரிங்கின் நடுப்புள்ளி இருந்த இடம் அது.

நான் அந்தப் பக்கம் போனால் அங்கேதான் பால் வாங்குவேன். வட்டத்தில் நின்று, சிட்லர் பக்கை எந்தப் பக்கத்திலிருந்து கொடுத்திருப்பார் என்று பார்ப்பேன். வரும்போது தகவல் போடுங்கள், நானும் வருகிறேன்.